லுவா 5.4: கொலுசுப் பட்டறைக்கு மொழி கட்ட இந்த எஞ்சின் தாங்குமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலிருந்து கட்டி வெள்ளி எடை போட்டு வெளியே போகும். ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் பத்தவைப்பார்கள், வேறொரு வீட்டில் மெருகு போடுவார்கள். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துக் கொலுசாகத் திரும்பி வரும். ஒவ்வொரு கைமாறலுக்கும் எடை, டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி என்று ஒரு சீட்டு. விதி பட்டறைக்குப் பட்டறை வேறு, ஒரே பட்டறையில் டிசைனுக்கு டிசைன் வேறு. இதையெல்லாம் பில்லிங் மென்பொருளுக்குள்ளேயே நேராக எழுதி வைத்தால், ஒரு சேதார விகிதம் மாறினால்கூடப் புது வெர்ஷன் விட வேண்டியிருக்கும். விதிகளுக்கென்று சின்னதாக ஒரு மொழி கட்டிவிடுவதுதான் மேல்.

மொழி கட்ட இறங்கியதும் வரும் முதல் கேள்வி, அதை ஓட்டும் மெய்நிகர் இயந்திரத்தை (விஎம், அதாவது மென்பொருளாலேயே ஆன ஓர் இயந்திரம்) நாமே எழுதுவதா, இருப்பதைக் கடன் வாங்குவதா என்பதுதான். கடன் வாங்குவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது லுவா என்ற நிரல் மொழி. இங்கே லுவா 5.4-ஐ எடைபோடுவது அந்த ஒரு வேலைக்குத்தான்: நம் மொழிக்கு அடியில் கிடந்து ஓட அது லாயக்கா என்று. லுவாவில் நிரல் எழுதுவது சுகமா கஷ்டமா என்பது வேறு பேச்சு.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் பிறந்தது லுவா. ரொபெர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ் ஆகிய மூவர் உருவாக்கியது. போர்ச்சுகீசில் லுவா என்றால் நிலா. 2003-இல் வந்த 5.0-இலிருந்து எம்ஐடி உரிமம், அதாவது காசும் இல்லை, விற்கும் மென்பொருளுக்குள் வைத்தாலும் தடை இல்லை. 5.4 வந்தது 2020 ஜூனில். மொத்தம் சுமார் 30,000 வரி சி மொழி நிரல். சி கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றும் மென்பொருள்) ஒன்று இருந்தால் போதும், வேறு எந்த லைப்ரரியும் கேட்காது. பழைய விண்டோஸ் கணினியில் பில் போடும் கவுண்டருக்கு இது பெரிய விஷயம்.

உள்ளே என்ன இருக்கிறது

இளம்பிள்ளை தறியில் ஜக்கார்டு அட்டையைப் பார்த்தவர்களுக்கு மெய்நிகர் இயந்திரத்தை விளக்கத் தேவையில்லை. ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துச் சுற்றவிட்டால் டிசைன் திரும்பத் திரும்ப வரும். சேலையின் டிசைன் தறியில் இல்லை, அட்டையில் இருக்கிறது. கம்பைலர் வெளியிடும் கட்டளை வரிசையான பைட்கோட் அந்த அட்டை, விஎம் அந்தத் தறி.

லுவாவின் அட்டை 32 பிட் அகலம். 5.4-இல் அதில் ஆப்கோடுக்கு (எந்தக் கட்டளை என்று சொல்லும் எண்) 7 பிட், முதல் ரெஜிஸ்டருக்கு (மதிப்பு வைக்கும் எண்ணிட்ட இடம்) 8 பிட், ஒரு கொடி பிட், மற்ற இரண்டுக்கும் எட்டெட்டு. மொத்தம் 83 ஆப்கோட். 5.1-இல் 38 மட்டுமே இருந்தன. கூடியதெல்லாம் பெரும்பாலும் வேகத்துக்காக: மாறிலியோடு கூட்டுவதற்கு ஒன்று, சின்ன முழு எண்ணோடு கூட்டுவதற்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள்.

எடை, டச் என்று இரண்டு உள்ளீடு வாங்கி, இரண்டையும் பெருக்கி, 1000-ஆல் முழு எண்ணாக வகுத்துத் திருப்பும் ஒரு ஃபங்ஷனைக் கம்பைல் செய்து பட்டியலிட்டால் ஆறு கட்டளை வரும்: பெருக்கு, அதன் பின்னால் ஒரு காப்புக் கட்டளை, மாறிலியால் வகு, அதற்கும் ஒரு காப்பு, மதிப்போடு திரும்பு, கடைசியில் வெறும் திரும்பு. காப்புக் கட்டளை எதற்கென்றால், பெருக்கப்படுவது எண்ணாக இல்லாமல் மெட்டாமெத்தட் (கணக்குக் குறிக்கென்று நாமே எழுதிவைக்கும் ஃபங்ஷன்) உள்ள பொருளாக இருந்தால் அப்போது கை கொடுக்க. எண்ணாக இருந்தால் விஎம் அதைத் தாண்டிக் குதித்துவிடும். ஆக உண்மையில் ஓடுவது மூன்று கட்டளைதான். இதையே, மதிப்புகளை ஓர் அடுக்கில் ஏற்றி மேலிருந்து எடுக்கும் ஸ்டாக் இயந்திரத்தில் எழுதினால் எடையை ஏற்று, டச்சை ஏற்று, பெருக்கு, ஆயிரத்தை ஏற்று, வகு, திரும்பு என்று ஆறும் ஓடும். ரெஜிஸ்டர் முறையின் லாபம் இதுதான்.

நஷ்டமும் உண்டு. எந்த மதிப்பு எந்த ரெஜிஸ்டரில் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் வேலை கம்பைலர் தலையில் விழுகிறது. லுவாவின் கம்பைலர் நிரலின் அமைப்பைக் காட்டும் இலக்கண மரம் எதுவும் கட்டாமல், படிக்கப் படிக்கவே பைட்கோட் கொட்டும் ரகம். அதனால் மெமரி மிச்சம். ஆனால் அந்தக் கோப்பைப் படித்துப் புரிந்துகொள்வது சுலபம் இல்லை. விஎம் சுழற்சி உள்ள கோப்பைப் படியுங்கள், டேபிள் கோப்பைப் படியுங்கள். கோட் ஜெனரேட்டரை முதல் மாதம் தொடாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

பைட்கோடா, லுவா உரையா?

நம் மொழியின் கம்பைலர் எதை வெளியிட வேண்டும்? நேரே லுவா பைட்கோடை எழுதிவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். பைட்கோட் வடிவம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும், 5.3-க்கு எழுதியதை 5.4 வாங்காது. பைட்கோட் கோப்பின் தலைப்பில் 22136 என்ற முழு எண்ணும் 370.5 என்ற தசம எண்ணும் பதிந்திருக்கும். ஏற்றும்போது அவை அப்படியே திரும்பி வராவிட்டால் வேறு வகை இயந்திரத்தில் கம்பைல் ஆனது என்று தள்ளிவிடும். கட்டளைகள் சரியா என்ற சோதனை கிடையாது. 5.1 வரை இருந்த பைட்கோட் சரிபார்ப்பானை 5.2-இல் எடுத்துவிட்டார்கள். தப்பான ரெஜிஸ்டர் எண் ஒன்று நுழைந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, புரோகிராமே விழும்.

லுவா உரையாக வெளியிடுவதே சரி. 5.2-இலிருந்து 'கோ டு' (goto, வேறு இடத்துக்குக் குதிக்கும்) கட்டளை இருப்பதால், நம் மொழியின் எந்தச் சுழற்சி வடிவத்தையும் அதில் இறக்கிவிடலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. சி-யில் இருப்பதுபோல் வரி எண்ணை மாற்றிச் சொல்லும் வசதி லுவாவில் கிடையாது. எனவே நம் மொழியின் 14-ஆவது வரிக்கு உண்டான லுவா உரை முழுவதையும் 14-ஆவது வரியிலேயே நெருக்கி எழுதிவிட வேண்டும், அப்போதுதான் பிழைச் செய்தியின் வரி எண் பொருந்தும். இரண்டாவது, ஒரு ஃபங்ஷனுக்கு 200 லோக்கல் மாறிதான். மனிதர் எழுதும் நிரலில் இது தட்டவே தட்டாது. கம்பைலர் தற்காலிக மாறிகளாகக் கொட்டும் நிரலில் ஒரு பெரிய ரேட் அட்டையே தட்டிவிடும். தற்காலிகங்களை 'டூ, எண்ட்' கட்டத்துக்குள் அடைத்தால் கட்டம் முடிந்ததும் இடம் காலியாகும்.

கொலுசு என்ற பெயரே தகராறு

தமிழில் மாறிப் பெயர் வைக்க லுவா அப்படியே விடாது. அதன் லெக்ஸருக்கு (உரையைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதிக்கு) எழுத்து என்றால் ஆங்கில எழுத்தும் அடிக்கோடும்தான். லுவா_யூசிஐடி என்ற மேக்ரோவோடு கம்பைல் செய்தால் ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்துக் குறியீட்டுக்கு) வெளியே யூடிஎஃப்-8-இல் வரக்கூடிய பைட்டையெல்லாம் எழுத்தாக ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்ட பிறகுதான் வேடிக்கை.

'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது ககரம், எகரக் கொம்பு, பின்னால் கால் என்று மூன்று துண்டு. திரையில் இரண்டும் ஒன்றேதான். யூடிஎஃப்-8-இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஆகவே 'கொலுசு' ஒரு கீபோர்டில் 18 பைட், இன்னொன்றில் 21 பைட். லுவா ஸ்ட்ரிங்கை பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். ஒருவர் மதிப்பு வைத்தது ஒரு கொலுசில், மற்றவர் படித்தது வேறு கொலுசில். லுவாவில் அறிமுகம் இல்லாத பெயர் பிழை இல்லை, அதன் மதிப்பு நில் (nil, ஒன்றுமில்லை). தமிழில் படித்தால் 'நில்', நிரலும் நின்றுவிடுகிறது: நில் மதிப்பில் கணக்குப் போட முயற்சி என்று செய்தி வரும். அந்தச் செய்தியில் அச்சாகும் பெயரும் சரியான எழுத்துக்கூட்டலோடு பல் இளிக்கும்.

மருந்து, நம் லெக்ஸரின் வாசலிலேயே உரை முழுவதையும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடின் ஒருசீர் வடிவத்துக்கு மாற்றிவிடுவது. ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறிகள் மூன்றையும் அது ஒற்றைக் குறியாக்கிவிடும். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டி வைத்திருந்தால் என்எஃப்சியாலும் சரிசெய்ய முடியாது, அது உண்மையிலேயே வேறு எழுத்து. அறிமுகம் இல்லாத பெயரைக் கம்பைல் நேரத்திலேயே பிழையாக்குவதுதான் அதற்கு வழி. எப்படியும் செய்ய வேண்டியதுதானே.

பெயர் நீளத்திலும் ஒரு கண்ணி. 40 பைட் வரையிலான ஸ்ட்ரிங்கை லுவா ஒரே பிரதியாக வைத்து, முகவரியை மட்டும் ஒப்பிடும். அதற்கு மேல் போனால் நீள ஸ்ட்ரிங், உள்ளடக்கத்தை ஒப்பிட்டாக வேண்டும். குளோபல் மாறியை எடுக்கும் வேகக் கட்டளையும் குட்டி ஸ்ட்ரிங்குக்கு மட்டுமே. ஆங்கிலத்தில் 40 எழுத்தில் யாரும் பெயர் வைப்பதில்லை. தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், ஆக 13 குறியீட்டோடு சரி. செய்கூலி 24 பைட், சேதாரம் 21 பைட், நடுவே ஓர் அடிக்கோடு, மொத்தம் 46. தாண்டியாயிற்று. தப்பில்லை, மெதுவாகும், அவ்வளவே.

இந்த மூன்று தொல்லைக்கும் ஒரே தீர்வு இருக்கிறது: தமிழ்ப் பெயரை லுவா வரைக்கும் கொண்டுபோகாதீர்கள். நம் கம்பைலர் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் கொடுத்து வி1, வி2 என்று ஆங்கில எழுத்தில் வெளியிடட்டும். லுவாவை மேக்ரோ போட்டுத் தனியாகக் கம்பைல் செய்யும் வேலையும் மிச்சம். பதிலுக்கு, பிழைச் செய்தியில் வரும் வி17-ஐத் திரும்ப 'சேதாரம்' என்று மாற்றிக் காட்டும் பொறுப்பு நமக்கு. அந்த அட்டவணையைக் கம்பைல் செய்த கோப்போடு சேர்த்தே வையுங்கள்.

ஸ்ட்ரிங் நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கொலுசு' என்பதன் நீளம் லுவாவின் நீளக் குறிக்கு 18, யூடிஎஃப்8 லைப்ரரிக்கு 6, பட்டறைக்காரருக்கு 3. சீட்டு அச்சடிக்கும்போது 20 இடம் விட்டு நிரப்பு என்று ஃபார்மேட் ஃபங்ஷனிடம் சொன்னால் அது பைட்டை எண்ணி இரண்டே இடம் நிரப்பும். பத்தி கோணல்மாணலாகப் போகும். இடம் நிரப்பும் ஃபங்ஷனை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

எண்கள்

5.3-இலிருந்து லுவாவில் 64 பிட் முழு எண், 64 பிட் தசமம் இரண்டும் உண்டு. வெள்ளிக் கணக்குக்கு முழு எண் மட்டும் போதும்: எடை மில்லிகிராமில், பணம் பைசாவில், டச் ஆயிரத்துக்கு இத்தனை என்று. 125.450 கிராம் என்று விதியில் எழுதினால் நம் லெக்ஸர் அதை 125450 என்ற முழு எண்ணாகவே மாற்ற வேண்டும். தசமமாகப் படித்து ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. புள்ளிக்குப் பின்னால் நான்காவது இலக்கம் வந்தால் லெக்ஸரே பிழை சொல்லட்டும். 1,25,450 என்று காற்புள்ளி போடும் பழக்கம் இருக்கிறது, அதையும் எண்ணுக்குள் அனுமதிப்பதா, உள்ளீடுகளைப் பிரிக்கும் குறியாக வைப்பதா என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் விட்டால் சண்டை.

லுவாவின் ஒற்றைச் சாய்கோடு எப்போதும் தசமமே தரும். பத்தை இரண்டால் வகுத்தால் 5.0, சீட்டிலும் 5.0 என்றே அச்சாகும். இரட்டைச் சாய்கோடு முழு எண் வகுத்தல், ஆனால் கீழ்நோக்கி முழுமையாக்கும். கொடுத்த வெள்ளி 125.450 கிராம், டச் 78.5 என்று வைப்போம். 125450-ஐ 785-ஆல் பெருக்கினால் 9,84,78,250. ஆயிரத்தால் வகுத்தால் 98478 மில்லிகிராம் சுத்த வெள்ளி. அதே சரக்கு திரும்பி வந்ததை மைனஸ் எடையாக எழுதினால் விடை மைனஸ் 98479. வரவும் செலவும் கூட்டிச் சைபர் வர வேண்டிய இடத்தில் மைனஸ் 1. ஒரு மில்லிகிராம் வெள்ளிக்குக் காசே இல்லை, ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை என்று ராத்திரி உட்கார்ந்து தேடுகிறவருக்கு அதெல்லாம் ஆறுதல் ஆகாது. வகுப்பதற்கு முன் 500 கூட்டினால் இந்த உதாரணம் சரியாகும், மிச்சம் சரியாகப் பாதி வரும்போது மறுபடி இடிக்கும். மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு முழுமையாக்கி, பிறகு மைனஸை ஒட்டும் ஒரே ஒரு ஃபங்ஷனை எழுதி, மொழியில் வகுத்தல் எங்கு வந்தாலும் அதையே அழைக்கச் செய்யுங்கள். வெறும் வகுத்தலை விதி எழுதுபவர் கையில் கொடுக்கவே கூடாது.

மில்லிகிராமையும் பைசாவையும் கூட்டினால் கம்பைலரே தடுக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். லுவாவுக்கு இரண்டும் வெறும் எண். இந்தச் சோதனை நம் பார்சருக்கு (விதியின் அமைப்பைப் பிரித்தறியும் பகுதிக்கு) அடுத்த கட்டத்தில் நடந்து, அலகெல்லாம் கழன்ற பிறகுதான் லுவா உரை வெளிவர வேண்டும்.

வேலி

விதியை எழுதுபவர் நிரலாளர் அல்ல என்பதால் விஎம்மைச் சுற்றி வேலி போட்டாக வேண்டும். இதில் லுவா நன்றாகவே நடந்துகொள்கிறது. எல்லா லைப்ரரியையும் ஒரே அழைப்பில் திறந்துவிடும் வசதியைத் தொடாமல் அடிப்படை, கணிதம், ஸ்ட்ரிங், டேபிள் நான்கை மட்டும் திறக்கலாம். கோப்பு, சிஸ்டம் லைப்ரரிகள் கிடைக்காது. அடிப்படையிலிருந்தும் கோப்பையோ நிரலையோ ஏற்றும் ஃபங்ஷன்களை நீக்கிவிடுங்கள். நிரலை ஏற்றும்போது உரை மட்டும் என்ற முறையைக் குறிப்பிட்டால் முன்னே சொன்ன பைட்கோட் ஆபத்து உள்ளேயே வராது.

முடிவில்லாமல் சுற்றும் விதிக்கு எண்ணிக்கை ஹூக். 10,000 கட்டளைக்கு ஒரு தரம் நம் சி ஃபங்ஷனை அழைக்கச் சொல்லி, வரம்பு மீறினால் பிழை எழுப்பலாம். சி-க்குள் ஓடும் லைப்ரரி ஃபங்ஷன் நடுவே மட்டும் ஹூக் எட்டாது: ஒரு ஸ்ட்ரிங்கைக் கோடி தடவை அடுக்கச் சொன்னால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்கு மெமரி வரம்பு. லுவாவுக்கு மெமரி தரும் ஃபங்ஷனை நாமே கொடுக்கலாம், 8 எம்பிக்கு மேல் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். லுவா ஓர் அவசரத் துப்புரவு செய்து பார்த்து, அப்படியும் இடம் இல்லையென்றால் ஒழுங்காகப் பிழை எழுப்பும், விழாது.

பயன்படாத மெமரியைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டரைப் பற்றி இந்த வேலைக்கு அதிகம் பேச ஒன்றும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் துப்புரவு செய்யும் இயல்பான இன்கிரிமென்டல் முறையே போதும். புது மதிப்புகளை மட்டும் அடிக்கடி பார்க்கும், 5.4-இல் வந்த ஜெனரேஷனல் முறையில் கை வைக்க வேண்டாம். 5.4.0-இல் கலெக்டர் பிழைகள் இருந்து பின்னால் திருத்தப்பட்டன, ஆகவே எதை எடுத்தாலும் 5.4 வரிசையின் கடைசி வெளியீட்டை எடுங்கள்.

எங்கே கை விரிக்கிறது

இதுவரை எல்லாம் நல்லபடி. இனி வருவதுதான் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் இடம்.

கொலுசு திரும்பி வர ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும் என்று ஆரம்பத்தில் சொன்னோமே, அதுவரை சீட்டு திறந்தே கிடக்கும். 'வெள்ளி கொடு, கம்பி வரும்வரை காத்திரு, எடை பார், பத்தவைக்க அனுப்பு, காத்திரு' என்று விதியை மேலிருந்து கீழாக எழுத முடிந்தால் எவ்வளவு சுலபம்! லுவாவின் கோரூட்டின் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். காத்திரு என்ற இடத்தில் நிறுத்தி, கம்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் நின்றுகொண்டிருக்கும் கோரூட்டினை டிஸ்கில் எழுதிவைக்கும் வசதி லுவாவில் கிடையாது. கணினியை அணைத்தால் போச்சு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் யுபிஎஸ் எத்தனை நேரம் தாங்கும்? நூறு திறந்த சீட்டும் நினைவிலிருந்து அழியும். கோரூட்டினின் ஸ்டாக்கில் சி முகவரிகளும் ஃபங்ஷன் சுட்டிகளும் பின்னிக் கிடப்பதால் வெளியிலிருந்து ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதும் பெரும்பாடு.

எனவே தீர்ப்பு இப்படி: கேட்டதும் கணக்குப் போட்டு விடை சொல்லும் விதிக்கு லுவா, கண்ணை மூடிக்கொண்டு. நாள்கணக்கில் திறந்திருக்கும் சீட்டை மொழியே சுமக்க வேண்டும் என்றால் சொந்த விஎம். பயப்பட வேண்டாம், இந்த அளவுக்கு அது சின்ன வேலைதான்.

சொந்தமாக எழுதுவதென்றால்

ஸ்டாக் இயந்திரமே எழுதுங்கள். தமிழுக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. 'எடையையும் டச்சையும் பெருக்கி ஆயிரத்தால் வகு': பொருள்கள் முன்னால், வினை பின்னால். ஸ்டாக் பைட்கோடின் வரிசை அப்படியே அதுதான். பைத்தானில் எழுதப்பட்ட தமிழ் நிரல் மொழியான எழிலும் நிபந்தனையை முன்னால் போட்டு 'ஆனால்' என்பதைப் பின்னால் வைக்கிறது, படிக்கும்போது உறுத்துவதில்லை. ஆனால் ஆசை மீறி வேற்றுமை உருபுகளைப் பிரிக்கக் கிளம்பாதீர்கள். எடையை, எடைக்கு, எடையால் எல்லாவற்றிலிருந்தும் 'எடை'யை உரித்தெடுக்கும் லெக்ஸர் நாலு பெயருக்குச் சரியாக ஓடும், ஐந்தாவதில் குழப்பும். உருபு ஏற்காத பெயர், கணக்குக் குறி, கடைசியில் வினை. இது போதும்.

ஆப்கோட் 1 பைட், தேவைப்படும் இடத்தில் 2 பைட் உள்ளீடு. மாறிலி ஏற்று, மாறி படி, மாறி எழுது, கணக்கு ஐந்து, ஒப்பீடு ஆறு, குதி, பொய்யானால் குதி, அழை, திரும்பு, காத்திரு. இழுத்துப் பிடித்தால் 30-க்குள் அடங்கும். மொழியில் ஓடும்போது புது ஸ்ட்ரிங் உருவாக்கும் வசதியே வைக்காதீர்கள், பெயர்களெல்லாம் மாறிலிப் பட்டியலில் எண்ணாக இருக்கட்டும். அப்படிச் செய்தால் கார்பேஜ் கலெக்டரே தேவையில்லை. விஎம் எழுதுபவர்களைத் தூங்கவிடாத பாதிப் பிழைகள் அங்கேதான் குடியிருக்கின்றன: ஒரு மதிப்பு சி மாறியில் மட்டும் இருக்கும் நேரத்தில் துப்புரவு ஓடி அதைக் கூட்டிப் பெருக்கிவிடும், அதுவும் ஆயிரத்தில் ஒரு தடவை.

மிச்சப் பிழைகள் பெரும்பாலும் குதியில். எவ்வளவு தூரம் குதிப்பது என்பதை ஆப்கோடின் தலையிலிருந்து எண்ணுவதா, உள்ளீட்டுக்குப் பிறகிருந்தா என்று கம்பைலரும் விஎம்மும் ஆளுக்கு ஒன்றாக நினைத்தால் 3 பைட் தள்ளி விழும். அங்கே கிடப்பது வேறு கட்டளையின் உள்ளீடு. அதை ஆப்கோடாகப் படித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் பிழை வரும். அதனால் விஎம்முக்கு முன்பே பைட்கோடைப் படித்துப் பட்டியலிடும் கருவியை எழுதுங்கள், 80 வரிகூட ஆகாது. இன்னொன்று, 'ஆனால்' கிளை ஒரு மதிப்பை ஸ்டாக்கில் விட்டு, 'இல்லையேல்' கிளை விடாமல் போவது. ஒரு சுற்றில் தெரியாது. சுழற்சிக்குள் இருந்தால் 256 இட ஸ்டாக் 256-ஆவது சுற்றில் நிரம்பும். கம்பைலர் ஒவ்வொரு கட்டளைக்கும் ஸ்டாக் ஆழத்தை எண்ணிக்கொண்டே வந்து, கிளைகள் சேருமிடத்தில் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இது உள்ளே நுழையாது.

இனி டிஸ்க். ஃபிரேமில் (ஒரு ஃபங்ஷன் அழைப்பின் நிலைப் பதிவில்) சுட்டி, அதாவது மெமரி முகவரி, எதையும் வைக்காதீர்கள். ஃபங்ஷன் எண், அடுத்த கட்டளையின் தூரம், ஸ்டாக் அடி, எல்லாமே முழு எண். அப்போது ஒரு சீட்டின் நிலை என்பது சில நூறு பைட் உள்ள ஓர் எண் வரிசை. தற்காலிகக் கோப்பில் எழுதி, டிஸ்கில் இறங்கியதை உறுதிசெய்து, பிறகு பெயரை மாற்றுங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதினால், பாதி எழுதும்போது கரண்ட் போகிற நாள் வந்தே தீரும்.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. சீட்டு நின்றது 41-ஆவது பைட்டில். நடுவில் யாரோ விதியைத் திருத்திவிட்டார்கள். திரும்ப எழுப்பும்போது 41-ஆவது பைட்டில் வேறு கட்டளை. சீட்டோடு அது பிறந்தபோது இருந்த பைட்கோடையும் சேர்த்தே சேமித்தால் பிரச்சினை தீரும், சில கிலோபைட்தானே. பழைய சீட்டு பழைய ரேட்டில் முடியும், புதுச் சீட்டு புது ரேட்டில் தொடங்கும். பட்டறை வழக்கமும் அதுதான்.

சோதிக்கும்போது, ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் நிலையை எழுதி, விஎம்மை அழித்து, திரும்பப் படித்துத் தொடரும்படி ஒரு முறை வையுங்கள். விடை மாறினால் எதையோ சேமிக்க மறந்திருக்கிறீர்கள். அதே விதியை லுவா உரையாகவும் வெளியிட்டு இரண்டு விடையையும் ஒப்பிடலாம். கடன் வாங்கிய எஞ்சின் அப்போதும் வீண்போகாது.

வேறு இயந்திரங்கள்? பிரௌசருக்குள் மட்டும் ஓடினால் போதும் என்றால் வெப்அசெம்பிளி நன்றாக இருக்கும், 2019 டிசம்பரிலேயே டபிள்யூ3சி தரமாகிவிட்டது. ஜாவா விஎம் இந்த வேலைக்கு யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. லுவாவின் இன்னொரு எஞ்சினான லுவாஜிட் வேகத்தில் அசத்தும், ஆனால் 5.1 மொழியை ஒட்டியது, 64 பிட் முழு எண் அதில் இயல்பான எண் வகை இல்லை. நமக்கு வேண்டியதே அதுதான்.

எடை மெஷினோடு இணைக்கும் சின்ன போர்டிலும் லுவாவையே ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து உலர்களத்தில் ஈரப்பதம் பார்க்கும் போர்டுக்கும் அது பாந்தமாகப் பொருந்தும். ஆனால் அந்த மாதிரி போர்டுகளில் லுவாவை 32 பிட் எண்ணுக்குக் கம்பைல் செய்வது வழக்கம். உச்ச வரம்பு 214 கோடியே 74 லட்சம் சொச்சம். இரண்டரைக் கிலோ வெள்ளி, டச் 92.5 என்றால் 25,00,000-ஐ 925-ஆல் பெருக்க வேண்டும்: 231 கோடியே 25 லட்சம். வரம்பு தாண்டும்போது லுவா பிழை எழுப்பாது, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு மைனஸ் 198 கோடியே 24 லட்சம் சொச்சம் என்று காட்டும். தசமத்துக்கு மாறினாலும் தப்ப முடியாது, 32 பிட் தசமத்தில் 1,67,77,216 வரைதான் முழு எண்கள் ஒன்றுவிடாமல் நிற்கும். போர்டு எடையைப் படித்து மில்லிகிராமில் அனுப்புவதோடு நிற்கட்டும், பெருக்கலைக் கவுண்டர் கணினியிலேயே வையுங்கள்.